ஆக்கிரமிப்புக்கு ரசீது கொடுப்பது யார்? திருநெல்வேலி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். குளத்து ஆக்கிரமிப்பு என்றாலே எல்லாருக்கும் ஜேசிபி வந்து நிற்கும் நாள்தான் ஞாபகம் வரும். நான் எழுத வந்தது அதற்கு முந்தைய வருடங்களைப் பற்றி.

எங்கள் பக்கத்தில் யாரும் ராத்திரியோடு ராத்திரியாகக் குளத்துக்குள் வீடு கட்டிவிடுவதில்லை. மழை பொய்த்த வருடத்தில் உள்வாயில், அதாவது குளத்தில் தண்ணீர் நிற்கும் பகுதியில், ஒருவர் உளுந்து விதைப்பார். அடுத்து வேலி. அப்புறம் மாட்டுக்கு ஒரு கொட்டகை. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி பி மெமோ என்கிற ஆக்கிரமிப்பு அபராத நோட்டீஸ் வரும், அபராதம் கட்டுவார். தப்பு என்று சொல்லத்தான் அந்த அபராதம். அவரோ ரசீதை மடித்து பீரோவில் வைத்துக்கொள்வார். நாலு ரசீது சேர்ந்தால் ‘இது எங்கள் அனுபவத்தில் இருக்கிறது’ என்பதற்கு அதுவே சாட்சி. அதைக் காட்டி வீட்டுத் தீர்வை, தீர்வை ரசீதைக் காட்டி மின் இணைப்பு, பின்னாலேயே பஞ்சாயத்து போட்ட சிமெண்ட் ரோடு. இத்தனைக்கும் அது குளத்துப் புறம்போக்கு என்பது கிராமக் கணக்கிலேயே இருக்கிறது. ரசீது போடும் முன் அதை ஒருதரம் புரட்டிப் பார்க்க என்ன தடை?

‘கவர்மெண்டே வேய்ந்தான்குளத்துக்குள் பஸ் ஸ்டாண்ட் கட்டியிருக்கு, நான் குடிசை போட்டா மட்டும் குத்தமா?’ என்று ஒருவர் கேட்டால் தாசில்தார் என்ன சொல்வார்? எனக்கும் பதில் தெரியவில்லை.

2023 டிசம்பரில் கொக்கிரகுளத்தில் உங்கள் அலுவலக வளாகத்தையே வெள்ளம் சூழ்ந்தது. அந்த மழையை எந்த ஊரும் தாங்காது, சரி. ஆனால் வந்த தண்ணீர் வடிய வழி வேண்டுமே. ஒரு குளம் நிறைந்து வழியும் மறுகால் தண்ணீர்தான் அடுத்த குளத்துக்கு வரத்து. நடுவில் ஓடையைக் குறுக்கினால் மேலே ஊர் மூழ்கும், கீழே வயல் காயும்.

குளங்களை அளந்து எல்லை குறிக்கத்தான் 2007இல் தனிச் சட்டமே வந்தது. அதன்படி முதலில் கல் நடுங்கள், வரைபடத்தை கிராம நிர்வாக அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள், நோட்டீஸ் பிறகு வரட்டும். உள்வாயில் தென்னந்தோப்பு போட்டவருக்கு அந்தக் குளத்துத் தண்ணீர் பாயும் ஆயக்கட்டில் சொந்த வயலும் இருக்கும். இயந்திரம் முதலில் அந்தத் தோப்புக்குப் போகட்டும். வேறு போக்கிடம் இல்லாத குடும்பத்துக்கு, இடிக்கும் முன்னாலேயே பட்டாவோடு இடம் கொடுங்கள். அதுவும் வேலைக்கு நடந்து போகிற தூரத்தில். பஸ் ஏறிப் போகிற இடத்தில் கொடுத்தால் திரும்பி வந்துவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இன்னொன்று, அளவு வேலையைப் பிசான நெல் அறுப்பு முடிந்து குளம் வற்றிக் கிடக்கும் சித்திரை, வைகாசியில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய எல்லைக் கல் ஏதாவது மிச்சம் இருந்தால் அப்போதுதான் கண்ணில் படும். ஐப்பசியில் சர்வேயர் வந்தால் கரையில் நின்று பார்த்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

இப்படிக்கு,
குளத்துப் பாசன விவசாயி ஒருவன்
திருநெல்வேலி மாவட்டம்