பூமுகத்தில் பிள்ளைகளைக் கொஞ்சம் நிற்க விடுங்கள்

குமரி மாவட்டப் பள்ளிகளின் சார்மாருக்கும் டீச்சர்மாருக்கும் வணக்கம்.

சுற்றுலாக் காலம் வந்தால் பத்மநாபபுரம் அரண்மனை வாசலில் பள்ளிப் பேருந்துகள் வரிசையாக நிற்கும். பக்கத்துத் தக்கலைக்காரன் என்பதால் அடிக்கடி பார்க்கிறேன். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். அடுத்து திற்பரப்பு அருவி, சாயங்காலம் கன்னியாகுமரிக் கடற்கரை. ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற உங்கள் அக்கறை புரிகிறது. ஆனாலும் கேட்கிறேன், ஒரு வருஷமாவது கொட்டாரத்துக்கென்றே, அதாவது இந்த அரண்மனைக்கென்றே, அரைநாள் ஒதுக்குங்கள்.

நுழைந்ததும் பூமுகம், அதாவது அரண்மனையின் முகப்பு மண்டபம். அண்ணாந்து பார்த்தால் மரக்கூரையில் 90 பூக்கள், ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. பிள்ளைகள் கழுத்தை நிமிர்த்துவதற்குள் பின்னால் வரும் வரிசை அவர்களைத் தள்ளிவிடுகிறது. ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்து, "உனக்குப் பிடித்த ஒரு பூவை வரை" என்று சொல்லிப் பாருங்கள். 40 பேர் வகுப்பு என்றால், ஆளுக்கு ஒன்று எடுத்த பிறகும் 50 பூக்கள் மிச்சம். வரைகிற பிள்ளைக்குத்தான் தெரியும், அந்த ஆசாரி உளியை எந்த இடத்தில் திருப்பியிருக்கிறார் என்று. அப்புறம் குதிரை விளக்கையும் சீன வணிகர்கள் கொடுத்த நாற்காலியையும் காட்டலாம்.

மாடியில் மந்திரசாலை, ராஜா ஆலோசனை நடத்திய மண்டபம். வண்ண மைக்கா பதித்த ஜன்னல்கள், மரச்சட்டங்களின் இடுக்கு வழியே வரும் காற்று. மின்விசிறி இல்லாத காலத்தில் வெயிலை எப்படிச் சமாளித்தார்கள் என்று அங்கே வைத்தே அறிவியல் பாடம் நடத்தலாம். காலடியில் கண்ணாடிபோல் மின்னும் கறுப்புத் தரை. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்டது என்பார்கள். பாதி நம் அடுக்களைச் சாமான்! அதை வெறுங்காலால் தொட்டு உணரட்டும். ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிட்ட ஊட்டுப்புரையில் ஒரு ஓரமாய் நின்று, அங்கே எத்தனை பந்தி வரிசை போட முடியும் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள்.

மன்னர் மார்த்தாண்டவர்மா, இது திருவிதாங்கூரின் தலைநகரமாக இருந்தது, 1956-ல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடமே இருப்பது, இதெல்லாம் முந்தின நாள் வகுப்பிலேயே சொல்லிவிடலாம். கொட்டாரத்துக்குள் கண்ணுக்கு வேலை கொடுத்தால் போதும்.

கூட்டம் சேருமுன் போனால்தான் பூமுகத்தில் நிற்க முடியும். காலை 9 மணிக்குத் திறக்கிறார்கள். திங்கட்கிழமை விடுமுறை, அதைப் பார்த்து நாள் குறியுங்கள்.

அன்புடன்,
தக்கலைக்காரன் ஒருவன்