எங்களைக் கூட்டிவந்து கூட்டிப்போனவர்களுக்கு

அன்புப் பிள்ளைகளுக்கும் அயலவர்களுக்கும்,

2025 தைப்பொங்கல் ஒரு செவ்வாய்க்கிழமையில் வந்தது. கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில், எங்கள் மூத்தோர் மையம் கூடுவது செவ்வாயும் வியாழனும்தான். குசினி மின்னடுப்பில் பால் பொங்கி வழிந்தபோது சுற்றி நின்று பார்க்க 11 பேர்தான் இருந்தோம். வாங்கி வைத்த வாழையிலைகளில் பாதிக்கு மேல் மிஞ்சிப் போயிற்று. இந்த மார்கழியில், வருடத்தின் கடைசிக் கூட்டத்துக்கு 43 பேர். கதிரை போதாமல் பக்கத்து அறையிலிருந்து தூக்கி வந்தோம்.

இடையில் நாங்கள் பெரிதாக எதையும் மாற்றவில்லை. அதே உடற்பயிற்சி, அதே கரம் பலகை, அதே முன்னூற்றிநாலு சீட்டாட்டம், அதே பிளேன்ரீயும் விசுக்கோத்தும். மாறியது ஒன்றுதான். ஆட்களை வீட்டு வாசலில் ஏற்றி, திரும்ப அதே வாசலில் இறக்கிவிட நீங்கள் வந்தீர்கள். அதனால்தான் வழமைபோல் நிதி தந்தவர்களில் தொடங்காமல், வாகனம் ஓட்டினவர்களில் இந்த மடலைத் தொடங்குகிறேன்.

பஸ் ஓடுகிறதுதானே, ஏறி வரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எங்களில் பலர் பிள்ளைகள் பொறுப்பெடுத்துக் கூப்பிட்டு வந்தவர்கள். இப்போதுள்ள சட்டப்படி, தாய் தகப்பனைக் கூப்பிடுகிற பிள்ளை 20 வருடத்துக்கு அவர்களைத் தானே பார்ப்பதாகக் கையெழுத்து வைக்க வேண்டும். அரசாங்கத்தின் முதியோர் ஓய்வூதியம் கிடைப்பதற்கு இந்த நாட்டில் குறைந்தது 10 வருடம் வாழ்ந்திருக்க வேண்டும். அதுவரை சொந்தமாக ஒரு டொலர்கூட கையில் இல்லாத தாய்மார் எங்கள் அயலில் இருக்கிறார்கள். ஊரில் தோட்டமும் மாடும் வைத்துப் பத்துப் பேருக்குச் சாப்பாடு போட்டவர்கள் அவர்கள். இங்கே பஸ் காசை மருமகனிடம் கேட்க வாய் வராது. பிள்ளைகளும் பாவம், இரண்டு வேலை. காலையில் போனால் இரவில்தான் வீடு. பனிக்காலத்தில் நடைபாதையில் உறைந்து கிடக்கிற ஐஸில் ஒருமுறை சறுக்கினால் இடுப்பெலும்பு போய்விடும் என்ற பயம் வேறு. கனடாவில் மூத்தவர்கள் காயப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதற் காரணம் விழுவதுதான். 2023 ஆடியில் ஸ்காபரோ ரயில் தடம் புரண்டு, பிறகு ஓடாமலே நின்றுவிட்டதால், அதை நம்பி வந்த நாலைந்து பேரும் வீட்டோடு நின்றுவிட்டார்கள்.

இவ்வளவையும் தெரிந்துதான் நீங்கள் வந்தீர்கள். இரவு முழுக்க ரக்ஸி ஓட்டிவிட்டு, காலையில் படுக்கப் போகிற வழியில் மூன்று அம்மாக்களை ஏற்றி வருகிற தம்பி, உங்களுக்குத்தான் முதல் நன்றி. ஒருநாள் கண் சிவந்திருந்ததைப் பார்த்து, "இண்டைக்கு விட்டிட்டுப் போய்ப் படுங்கோ ராசா" என்று சொன்னேன். "பின்னேரம் ஆர் ரீச்சர் திருப்பிக் கொண்டுபோறது?" என்று கேட்டுவிட்டு, வண்டிக்குள்ளேயே இரண்டு மணித்தியாலம் தூங்கினீர்கள். தாதிப் படிப்புக்குப் போகிற பிள்ளை, வகுப்பு இல்லாத வியாழக்கிழமைகளை எங்களுக்கே தந்துவிட்டீர்கள்.

வான் வண்டியோடு வருகிற மகனைப் பற்றி எழுதாமல் இந்த மடல் முடியாது. அவர் தன் அம்மாவைக் கூட்டிவருவதற்காக வந்தவர். அம்மா சக்கர நாற்காலி. வானில் இடம் இருக்கிறதே என்று வழியில் இன்னும் நாலு பேரை ஏற்றத் தொடங்கினார். ஆனி மாதம் அம்மா காலமானார். செத்தவீட்டுக்குப் போய் வந்தோம். அந்தியேட்டி முடிந்தது. அடுத்த செவ்வாய் அந்த நாலு பேருக்கும் வேறு ஆரையாவது ஒழுங்கு பண்ண வேண்டும் என்று நான் தொலைபேசியும் கையுமாக இருந்தேன். பத்து மணிக்கு வாசலில் வான் வந்து நின்றது. நாலு பேரும் இறங்கினார்கள். அம்மாவின் நாற்காலி நிற்கிற இடத்தில் அன்றைக்குச் சமைக்கிற மரக்கறிப் பெட்டி இருந்தது. ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. அவர் பெட்டியைக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, "ரெண்டரைக்கு வாறன்" என்று சொல்லிப் போனார். இன்றைக்கு வரைக்கும் அவர் ஒரு நாளும் பிந்தியதில்லை. தம்பி, உங்கள் அம்மா இருக்கிற யன்னலோரத்தை நாங்கள் வேறு ஒன்றுக்கும் பாவிப்பதில்லை. அங்கேதான் கறிவேப்பிலைச் சாடி நிற்கிறது.

மாசி மாதத்தில் அடுத்தடுத்து வந்த பனிப்புயல்களை ரொறன்ரோவில் இருக்கிற எல்லாருக்கும் நினைவிருக்கும். நகராட்சி வண்டி வந்து வீதி துப்புரவாக்கவே நாட்கணக்கானது. அதற்கிடையில் எங்கள் கட்டட வாசலில் இருந்து வாகனத் தரிப்பிடம் வரைக்கும் ஒரு பாதை வெட்டி, உப்புப் போட்டு வைத்திருந்தது கட்டடப் பராமரிப்பாளர். அவர் பிலிப்பைன்ஸ்காரர், தமிழ் தெரியாது. இந்த மடலை அவருக்கு ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டுவேன். முதலில் நாங்கள் கூடின இடத்தில் இனி அறை தர ஏலாது என்று ஒரு கிழமை அவகாசத்தில் சொல்லிவிட்டார்கள். அப்போது இந்த மண்டபத்தின் திறப்பை எங்கள் கையில் தந்து, வாடகையைப் பிறகு பார்க்கலாம் என்று சொன்ன தேவாலயச் சபையாருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். சைவப் பொங்கலுக்குத் தங்கள் குசினியைத் தந்தவர்கள் அவர்கள்.

பங்குனியும் சித்திரையும் வரிக் காலம். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வரிப் பத்திரம் நிரப்பிக் கொடுக்கிற தொண்டர்கள் ஐந்து வியாழக்கிழமைகள் எங்களோடு இருந்தார்கள். "எனக்கென்ன வருமானம், நான் ஏன் நிரப்ப வேண்டும்" என்று கேட்டவர்கள்தான் அதிகம். சித்திரை 30க்குள் பத்திரம் போகாவிட்டால், ஆடி மாதத்திலிருந்து ஓய்வூதியத்தோடு வருகிற மேலதிக உதவிப்பணம் நின்றுபோகலாம் என்பதை ஒவ்வொருவருக்கும் தமிழில், பொறுமையாக, மூன்று தரம் சொன்னீர்கள். முந்திய வருடம் அந்தப் பணம் நின்றுபோய், ஏனென்று தெரியாமல் நாலு மாதம் அரிசிக்குக் கணக்குப் பார்த்த ஒரு ஐயா எங்களில் இருந்தார். இந்த வருடம் அப்படி ஒருவரும் இல்லை.

பொலிஸ் திணைக்களத்திலிருந்து வந்து கதைத்த தமிழ்ப் பிள்ளைக்கும் ஒரு வணக்கம். தொலைபேசியில் பேரப்பிள்ளைபோல அழுது, "விபத்து நடந்திட்டுது, பிணை எடுக்கக் காசு வேணும், அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ" என்று ஏமாற்றுகிறவர்களைப் பற்றி அவர் விளக்கினார். வைத்துவிட்டு, தெரிந்த இலக்கத்துக்கு நீங்களே எடுங்கள் என்றார். வீட்டுக்குள் ஒரு இரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இரண்டு கிழமை கழித்து அப்படியே ஒரு அழைப்பு எங்கள் அக்கா ஒருவருக்கு வந்தது. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "எங்கட வீட்டுச் சொல் என்ன?" மற்றப் பக்கம் வைத்துவிட்டது. அந்த அக்கா இதை மையத்தில் சொன்னபோது எழுந்த கைதட்டலை அந்தப் பிள்ளை கேட்டிருக்க வேண்டும்.

கதிரையில் இருந்தபடி உடற்பயிற்சி சொல்லித் தந்தவர், இரத்த அழுத்தம் பார்த்த தாதிமார், கைத்தொலைபேசியில் படம் அனுப்பவும் பேரனோடு முகம் பார்த்துக் கதைக்கவும் பழக்கிய உயர்தர வகுப்புப் பிள்ளைகள், ஆடிக்கூழ் காய்ச்சிக் கொழுக்கட்டை அவித்த சகோதரிகள் எல்லாருக்கும் எங்கள் நன்றி. கூழுக்குப் பனங்கட்டியை யாழ்ப்பாணத்திலிருந்து பயணப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தது ஆர் என்று எனக்குத் தெரியும். பெயர் போட வேண்டாம் என்று சொன்னதால் போடவில்லை.

பொது நூலகத்திலிருந்து மாதம் ஒருமுறை தமிழ்ப் புத்தகங்கள் பெட்டியில் வந்தன. அதை எடுத்துவரவும் திருப்பிக் கொடுக்கவும் ஒரு தங்கச்சி பொறுப்பெடுத்தார். முதல் நாள் பெட்டியைத் திறந்தபோது, 84 வயது ஐயா ஒருவர் ஒரு புத்தகத்தை எடுத்து மணந்து பார்த்தார். இளமையில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நாளும் பொழுதும் இருந்து வாசித்தவர் அவர். 1981இல் அது எரிந்தபோது ஏறத்தாழ 97,000 புத்தகங்கள் போயின. அடுத்த நாள் வெந்த தாள்கள் காற்றில் பறந்ததை அவர் சொல்ல, நாங்கள் தேத்தண்ணி ஆறுவதையும் மறந்து கேட்டோம். அன்றிலிருந்து வாசிப்பு வட்டம் அவர் கையில்தான். கண் மங்கியவர்களுக்கு உரத்து வாசிக்கிறார். தங்கச்சி, நீங்கள் சுமந்து வந்தது எவ்வளவு பாரம் என்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாது.

இனி ஒட்டாவாப் பயணம். மூத்தோருக்கான மத்திய அரசின் மானியம் கிடைத்ததால்தான் பஸ் பிடிக்க முடிந்தது. விண்ணப்பத்தை இரவிரவாக எழுதித் தந்த இரண்டு பிள்ளைகளுக்கு அந்தப் பெருமை முழுக்கச் சேரும். வைகாசி நடுவில், விடியப் புறப்பட்டு, ஐந்து மணித்தியாலம் ஓடி, துலிப் பூக்கள் பார்க்கப் போனோம். டவ்ஸ் ஏரிக்கரையில் கண்ணுக்கெட்டிய மட்டும் சிவப்பும் மஞ்சளும். பூவைப் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்போம். எங்களோடு வந்த இளைப்பாறிய வரலாற்று ஆசிரியர் அந்தப் பூக்களின் கதையைச் சொன்னார்.

இரண்டாம் உலகப் போரில் நெதர்லாந்தை ஜேர்மனி பிடித்தபோது, இளவரசி யூலியானா இரண்டு பெண் குழந்தைகளோடு ஒட்டாவாவுக்கு வந்து அடைக்கலம் புகுந்தார். 1943 தை மாதம் அவருக்கு மூன்றாவது மகள் இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் பிறந்தாள். பிள்ளை பிறக்கும்போதே நெதர்லாந்துப் பிரசையாக மட்டும் இருக்க வேண்டும் என்பதற்காக, அந்தப் பிரசவ அறை கனடா மண் அல்ல என்று கனடா அரசு தற்காலிகமாக அறிவித்தது. 1945இல் போர் முடிந்து நாடு திரும்பியதும், நன்றியாக 1,00,000 துலிப் கிழங்குகளை அனுப்பிவைத்தார்கள். ஒருமுறை அனுப்பிவிட்டு நிறுத்தவில்லை. இன்றைக்கும் ஆண்டுதோறும் 20,000 கிழங்குகள் வருகின்றன. 80 வருடமாகிறது.

அதைக் கேட்டபின் எங்கள் ஆட்கள் அந்தப் பாத்திகளைப் பார்த்த பார்வை வேறு. ஒரு அம்மா குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். அவர் கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கி, பிறகு ஒவ்வொரு ஊராய் இடம்பெயர்ந்து, கடைசியில் மகளிடம் இங்கே வந்து சேர்ந்தவர். "ராசாத்தியும் எங்களைப் போல அகதியாத்தானே வந்திருக்கிறா" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது பாட்டும் பம்பலும் ஓய்ந்த ஒரு நேரத்தில் அவரேதான் கேட்டார்: "எங்களைக் கொண்டு திரியிற பிள்ளையளுக்கு நாங்கள் என்ன குடுத்தம்?"

கோடையில் அதற்கு நேரமில்லை. வைகாசிக் கடைசியில் இனிப் பனி கொட்டாது என்று நிச்சயமானதும் தோட்டம் போட்டோம். கத்தரி, வெண்டி, பச்சை மிளகாய், முளைக்கீரை. மிளகாய் இந்த முறை நன்றாகக் காய்த்தது. வெண்டி சரிவரவில்லை. விளைந்ததை உங்கள் வாகனங்களில் வைத்துவிட்டோம். மறுத்தவர்களுக்குக் கூடுதலாக வைத்தோம்.

ஐப்பசியில், நிலம் உறைவதற்கு முதல், மண்டபத்து வாசலில் இரண்டு பக்கமும் பாத்தி வெட்டினோம். பராமரிப்பாளர் மண் கொத்தித் தந்தார். குந்தி இருக்க ஏலாதவர்கள் கதிரையில் இருந்து நட்டார்கள். 120 துலிப் கிழங்குகள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான ஆழம், கூர்ப் பக்கம் மேலே. அணில்கள் கிண்டித் தின்றுவிடும் என்பதால் மேலே கம்பி வலை விரித்து மண் போட்டிருக்கிறோம். பனிக்காலம் முழுக்கக் குளிரில் கிடந்தால்தான் அவை வசந்தத்தில் பூக்குமாம். வலதுபக்கம் யன்னலுக்கு நேர் கீழே இருக்கிற வரிசை, வானில் வந்த அந்த அம்மாவுக்காக நட்டது. மற்றவை முழுக்க உங்களுக்கு.

வைகாசி முதல் கிழமையிலிருந்து பாருங்கள். ஆட்களை இறக்கிவிட்டு அவசரமாகத் திரும்பாமல், அன்றைக்காவது வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வாருங்கள். தேத்தண்ணி நாங்கள் ஊற்றித் தருவோம்.

அன்புடன்,
மையத்துப் பெரியவர்கள் எல்லாருக்குமாக,
உங்கள் ரீச்சர்
ஸ்காபரோ, மார்கழி 2025