விறகடுப்பும் சம பங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த சுற்றுச்சூழல் கட்டுரையைப் படித்தேன். "பூமி சூடாவதில் நம் எல்லோருக்கும் சம பங்கு உண்டு, மலைக்கிராமத்து விறகடுப்பிலிருந்தே மாற்றம் தொடங்கட்டும்" என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். இவ்வளவு பெரிய குற்றவாளியை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறோமா என்று அடுப்பை ஒருமுறை எட்டிப் பார்த்தேன்.

உங்களுக்குத் தெரியாததில்லை. ஆண்டுக்கு ஒரு ஆளுக்கு என்று பார்த்தால் அமெரிக்காவில் சுமார் 14 டன் கரியமில வாயு, இந்தியாவில் சுமார் 2 டன். அந்த 2 டன்னும் சராசரிதான். நாள் முழுக்க ஏசி ஓடும் சேலத்து நகைக்கடையும் அதில் சேர்த்தி, எங்கள் வீட்டு இரண்டு பல்பும் சேர்த்தி. பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஒரே அளவில் அல்ல என்று 1992-இல் ரியோ புவி உச்சிமாநாட்டிலேயே நாடுகள் ஒப்புக்கொண்டாயிற்று. பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க வளரும் நாடுகளுக்கு 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருகிறோம் என்று 2009-இல் கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டில் சொன்ன பணக்கார நாடுகள் அந்தத் தொகையை 2022-இல்தான் எட்டின. அதிலும் பெரும்பகுதி கடன். பந்தியில் வயிறாரச் சாப்பிட்டவர்கள் எழுந்து போய்விட்டார்கள், இலை எடுக்க வந்தவளிடம் பில்லை நீட்டுகிறீர்கள்.

ஏற்காட்டுக் காபி விவசாயிகள் நாங்கள் அந்தப் பில்லை ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். மாசி பங்குனியில் பூமழை விழுந்தால்தான் காபியில் மொட்டு விரியும். இப்போது அது வந்தால் உண்டு, இல்லையென்றால் மொட்டு கருகி நிற்கிறது. வெயில் ஏறினால் காபிச் செடியின் தண்டைக் குடையும் தண்டுத் துளைப்பான் பூச்சி வேறு. 2024 டிசம்பரில், சரியாகப் பழம் பறிக்கிற நேரத்தில், ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியது. பாதிப் பழம் செடியடியில் உதிர்ந்தது. பறித்ததைக் காயவைக்க வெயில் இல்லை. மலைப்பாதையில் மண் சரிந்ததால் சேலத்துக்கு வண்டியும் இல்லை. நிவாரணம் கேட்டுப் போன அலுவலகத்தில் காபி பட்டியலில் இல்லை என்றார்கள். வேறு எந்தப் பட்டியலில்தான் இருக்கிறோம் என்று கேட்டேன், பதில் வரவில்லை. உங்கள் கட்டுரையாளர் சொல்லிவிட்டார்.

விறகு என்றால் காட்டை வெட்டுகிறோம் என்று நினைப்பு போலிருக்கிறது. சில்வர் ஓக் நிழல் மரத்தில் கவாத்து செய்த கிளைதான் எங்கள் விறகு. சிலிண்டரும் இருக்கிறது, அதை ஜீப்பில் ஏற்றி வர ஆகும் வாடகையையும் யாராவது எழுதினால் நல்லது.

அப்புறம், இந்த மலையில் அலுமினியத் தாதுவான பாக்சைட்டை வெட்டி லாரி லாரியாக இறக்கிய காலத்தில் உங்கள் நாளிதழ் ஒரு வரி எழுதியதாக எனக்கு நினைவில்லை. கோடை விழா மலர்க் கண்காட்சிக்கு மட்டும் வண்ணப் படத்தோடு இரண்டு பக்கம். ஞாயிறு சாயங்காலம் கார்களெல்லாம் இறங்கிய பிறகு கொண்டைஊசி வளைவுகளில் கிடக்கும் பிளாஸ்டிக் தட்டுகளைப் பொறுக்குவது எங்கள் ஊர்ப் பெண்கள்.

சரி. மறுப்பு போடச் சொல்லவில்லை, கட்டுரையாளர் படித்தவர். சேலத்து வெயில் அளவைத் தினமும் போடுகிறீர்களே, அதன் பக்கத்தில் ஏற்காட்டு மழை அளவையும், மாசி முதல் சித்திரை வரையாவது, போடுங்கள். முன்பு இதையே கேட்டு எழுதியபோது, கடிதத்தின் முதல் வரியில் இருந்த பாராட்டை மட்டும் வெளியிட்டீர்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறு காபி விவசாயி,
நாகலூர், ஏற்காடு