'தேர்' (their, அவர்களுடைய) வந்தாலே பன்மைதானா?

ஆங்கில இலக்கண வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு,

வணக்கம். நானும் ஆங்கிலம் கற்றுத்தருகிறவன்தான். சென்ற தேர்வில் என் மாணவி ஒருத்தி 'த சில்ட்ரன் கேம் வித் தேர் மதர்' என்று எழுதியிருந்தாள். விடைக்குறிப்பில் 'மதர்ஸ்' என்று இருந்ததால் மதிப்பெண் போயிற்று. "அந்தப் பிள்ளைங்க அக்கா தம்பியா இருந்தா, சார்?" என்று கேட்டாள். அவள் கேட்டது முழுக்க நியாயம். அக்கா தம்பி என்றால் 'மதர்' மட்டும்தான் சரி. அவரவர் தாயோடு வந்தார்கள் என்றால் 'மதர்ஸ்'. வினாவில் அந்தக் குறிப்பே இல்லை.

'தேர்' வந்தால் பின்னால் பன்மை என்று எழுதிக்கொடுத்துவிட்டோம். ஆனால் உடைமைச் சொல் எதையும் முடிவு செய்வதில்லை. பொருள் ஒன்றா, ஆளுக்கொன்றா, ஆளுக்குப் பலவா என்பதுதான் கேள்வி. ஆளுக்கொன்று என்றால் ஆங்கிலத்தின் பொதுவழக்கு பன்மை என்பது உண்மைதான்: 'தே ரெய்ஸ்டு தேர் ஹேண்ட்ஸ்'. ஆனால் ஒவ்வொருவரும் ஒரு கையைத் தூக்கினார்களா, இரண்டையுமா? அந்தக் குழப்பம் வேண்டாம் என்று 'ஹேண்ட்' என ஒருமையில் எழுதுவதும் வழக்கத்தில் உண்டு. 'எவ்ரிஒன் ரெய்ஸ்டு தேர் ஹேண்ட்' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். அங்கேயும் 'தேர்' இருக்கிறது, ஒருமைதான் இயல்பாக வருகிறது.

மரபுத்தொடர்களில் விதி இன்னும் உதவாது. 'சேஞ்ச்டு தேர் மைண்ட்ஸ்' என்பார்கள், 'லாஸ்ட் தேர் வே' என்பார்கள். இவற்றைப் பழகித்தான் ஆக வேண்டும். 'ஹெல்த்', 'கரேஜ்' போன்ற எண்ண முடியாத பெயர்கள் எத்தனை பேருக்கும் ஒருமைதான்.

நம் பிள்ளைகள் ஏன் ஒருமைக்குப் போகிறார்கள் என்பதையும் யோசியுங்கள். 'எல்லாரும் கையைத் தூக்கினார்கள்' என்பதுதான் நம் பேச்சு. 'கைகளை' என்றால் இரண்டு கையும் மேலே போனது போலத் தோன்றும். அஃறிணைப் பெயரில் 'கள்' கட்டாயமில்லை. 'மாடு வந்தது', 'மாடு வந்தன' இரண்டிலும் பெயர் மாறவில்லை, வினைதான் எண்ணிக்கையைச் சொல்கிறது. பால்பகா அஃறிணைப் பெயர் என்று நன்னூல் சொல்வது இதைத்தான். 'கண்ணை மூடு' என்று சொல்லி வளர்ந்த குழந்தை 'க்ளோஸ் யுவர் ஐ' என்று எழுதுவது இந்தப் பழக்கத்தால். அது ஆங்கிலத்தில் பிழைதான், அதைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பிழையையும் 'தேர் மதர்' என்பதையும் ஒரே சிவப்பு மையால் அடிக்கிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே இரண்டு கோரிக்கைகள். இரண்டு வடிவமும் செல்லும் இடத்தில் விடைக்குறிப்பிலும் இரண்டையும் போடுங்கள். ஒன்றுதான் வேண்டும் என்றால், அந்தக் குழந்தைகளுக்குத் தாய் ஒருவரா பலரா என்பது தெரியும்படி வினாவில் இன்னொரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியர்