ஸ்பிண்டிலுக்கு கரண்ட் கொடுக்கும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கமுங்க.

எங்களிடம் உதிரிகள் வாங்கி, வீட்டிலும் பட்டறையிலும் சொந்தமாகச் சிஎன்சி ரவுட்டர் (கம்ப்யூட்டர் சொல்கிறபடி பலகை வெட்டும் மெஷின்) கட்டிக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் இந்த மடல். ஃபிரேம், ஸ்டெப்பர், கண்ட்ரோலர் வரை நன்றாகவே முடித்துவிடுகிறீர்கள். வெட்டும் பிட்டைச் சுற்றும் மோட்டாரான ஸ்பிண்டிலை இணைக்கும்போதுதான் பொருள் கருகுகிறது. 24 வோல்ட் சின்ன மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஸ்பிண்டில் அவுட்புட் உள்ள போர்டாக இருந்தால் அதிலேயே மாட்டிக்கொள்ளலாம். விஎஃப்டி (ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் பெட்டி) வைத்து ஓட்டுகிறவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

பம்ப்செட் பார்த்து வளர்ந்த நமக்கு மூன்று பேஸ் மோட்டார் என்றால் பயம் கிடையாது. அந்தத் தைரியம்தான் இங்கே வினையாகிறது. 2.2 கிலோவாட் ஸ்பிண்டிலுக்கும் மூன்று ஒயர்தான். ஆனால் அது 220 வோல்ட், 400 ஹெர்ட்ஸுக்குக் காயில் கட்டியது. அதனால்தான் 24,000 சுற்று ஓடுகிறது. நம் லைனில் வருவது 50 ஹெர்ட்ஸ். அந்த அளவில் அதற்கு 30 வோல்ட்டே அதிகம். ஸ்டார்ட்டர் போட்டு 415 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் காயில் அப்போதே போய்விடும். விஎஃப்டியில் லைன் வரும் பக்கம் ஆர், எஸ், டி; ஸ்பிண்டிலுக்குப் போவது யூ, வி, டபிள்யூ. மாற்றிக் கொடுத்தால் விஎஃப்டி காலி.

கண்ட்ரோலரிலிருந்து விஎஃப்டிக்குப் போவது வேகம் சொல்லும் சிக்னல் மட்டும். ஜிஆர்பிஎல் 1.1 (மெஷினை ஓட்டும் சாஃப்ட்வேர்) போட்ட ஆர்டுயினோ ஊனோ போர்டில் 11ஆம் பின்னில் 5 வோல்ட் பிடபிள்யூஎம் (விட்டு விட்டு வரும் பல்ஸ்) வரும். விஎஃப்டி கேட்பதோ பெரும்பாலும் 0 முதல் 10 வோல்ட். நடுவில் ஒரு சின்ன கன்வர்ட்டர் போர்டு போடுங்கள். அப்புறம் ஜிஆர்பிஎல் செட்டிங்கில் அதிகபட்ச வேகத்தை $30=24000 என்று மாற்றுங்கள். அது 1000 என்றே கிடந்தால், நீங்கள் எஸ்8000 (8,000 சுற்று) கொடுத்தாலும் ஸ்பிண்டில் முழு வேகத்தில்தான் பறக்கும். எம்3 எஸ்12000 (பாதி வேகத்தில் சுற்று) என்று கொடுத்து, கன்வர்ட்டர் வெளியே 5 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். வந்தால் சரி.

எங்களுக்கு அதிகம் வரும் ஃபோன் இதுதான்: “ஏனுங்க, ஸ்பிண்டில் இல்லாம ஓட்டுனா ஜம்முனு போகுது. ஸ்பிண்டிலைப் போட்டா பாதியில நின்னு அலாரம் 1 காட்டுது.” மெஷின் ஓரத்துக்குப் போய் லிமிட் ஸ்விட்சை அடித்துவிட்டதாக (ஹார்ட் லிமிட்) கண்ட்ரோலர் நினைக்கிறது. ஸ்விட்சில் குற்றமில்லை. விஎஃப்டி கரண்டை வெட்டி வெட்டி அனுப்பும்போது எழும் நாய்ஸ், பக்கத்தில் ஓடும் லிமிட் ஒயரில் ஏறிவிடுகிறது. உடனே போர்டை மாற்றாதீர்கள். ஸ்பிண்டிலுக்கு நாலு கோர் ஷீல்டு கேபிள் போடுங்கள். ஷீல்டை விஎஃப்டி பக்கம் எர்த்தில் முறுக்குங்கள். லிமிட் ஒயரை அந்தக் கேபிளோடு சேர்த்து டேக் போட்டுக் கட்டாதீர்கள். குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடத்துங்கள்.

இன்னொன்று, இதை மட்டும் தயவுசெய்து விடாதீர்கள். பல ஸ்பிண்டில்களில் கனெக்டரில் எர்த்துக்கான நாலாவது பின் உள்ளே எதிலும் சேராமல் சும்மா இருக்கிறது. மீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து, அந்தப் பின்னுக்கும் ஸ்பிண்டில் பாடிக்கும் பீப் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் அந்த ஸ்பிண்டிலுக்கு எர்த்தே இல்லை என்று அர்த்தம். இது நாய்ஸ் விஷயம் மட்டும் இல்லை, உங்கள் உயிர் விஷயம். கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். அதற்கும் தண்ணீர் ஊற்றி வையுங்கள்.

ரீவைண்டிங் தெரிந்தவர்கள் கவனிக்க வேண்டியது: விஎஃப்டி இணைப்பில் இருக்கும்போது மெக்கர் (இன்சுலேஷன் பார்க்கும் மீட்டர்) வைக்காதீர்கள், விஎஃப்டி போய்விடும். ஸ்பிண்டிலைக் கழற்றிய பிறகு வையுங்கள். மெயினை அணைத்தாலும் விஎஃப்டியின் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். பத்து நிமிடம் கழித்தே மூடியைத் திறங்கள். காற்றில் குளிரும் ஸ்பிண்டிலை 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓட்ட வேண்டாம். விசிறி அதே ஷாஃப்டில் இருப்பதால் சூடு ஏறிவிடும்.

சந்தேகம் இருந்தால் கரண்ட் கொடுக்கும் முன்பே ஸ்பிண்டிலையும் விஎஃப்டியையும் கடைக்குக் கொண்டு வாருங்கள். எங்களிடம் வாங்காததாக இருந்தாலும் எர்த் பார்த்துத் தருகிறோம், அதற்குக் காசு இல்லை. விஎஃப்டியோடு வந்த கையேடும் கையில் இருக்கட்டும். செட்டிங் எண்கள் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்,
கணபதி, கோவை.