127 படிகளுக்குக் கீழே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் இதழில் வந்த ஆக்ஸ்போர்டு பற்றிய பயணக் கட்டுரை கல்லூரிகளை விரிவாகச் சொன்னது. ஆனால் நகரின் நடுவே நிற்கும் தூய கன்னி மரியாள் பல்கலைக்கழகத் தேவாலயத்துக்குக் கிடைத்தது, கோபுரத்தில் ஏறிப் படம் எடுக்கலாம் என்ற ஒரே வரி. அதை நம்பிப் போகிறவர்கள் ராட்கிளிஃப் சதுக்கத்துப் பக்கமாக நுழைவார்கள், சீட்டு வாங்கி ஏறி இறங்குவார்கள், வந்த வழியே போய்விடுவார்கள். பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி தரையில்தான் இருக்கிறது. அதற்குச் சீட்டும் வேண்டாம்.

முதலில் ஹை ஸ்ட்ரீட் பக்கம் சுற்றி வாருங்கள். 1637இல் நிக்கலஸ் ஸ்டோன் வடிவமைத்த முகப்பு மண்டபம் அங்கே இருக்கிறது. தூண்கள் இரண்டும் கயிறு முறுக்கியதுபோல் இருக்கும். மேலே மாதாவும் குழந்தையும். கத்தோலிக்கச் சாய்வுடையவர் என்று குற்றம்சாட்டப்பட்ட ஆங்கிலிக்கப் பேராயர் லாட் மீதான விசாரணையில் இந்தச் சிலையே ஒரு குற்றச்சாட்டானது. அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் தொடங்கிய 1642இல் நாடாளுமன்றப் படைவீரர்கள் அதைக் குறிவைத்துச் சுட்டார்கள். சதுக்கத்துப் பக்கமாக வந்து போகிறவர்களுக்கு இந்த முகப்பு கண்ணிலேயே படாது.

உள்ளே போனதும் பிரசங்க பீடத்துக்கு எதிரே உள்ள தூணைத் தேடுங்கள். அதில் ஓரிடத்தில் கல்லைச் செதுக்கி எடுத்திருப்பது தெரியும். கத்தோலிக்க அரசி மேரியின் ஆட்சியில் விசாரணைக் கைதியாக வந்த புராட்டஸ்டன்ட் பேராயர் கிரான்மரை நிறுத்துவதற்கான மேடையைத் தாங்க வெட்டியது அது. 1556 மார்ச் 21 அன்று, தம் புராட்டஸ்டன்ட் நம்பிக்கையைக் கைவிடுவதாகத் தாம் எழுதிக்கொடுத்த மறுதலிப்பை ஊரறிய உறுதிசெய்வார் என்று கூட்டம் காத்திருந்தது. அவரோ அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, கையொப்பமிட்ட வலது கைதான் முதலில் எரியும் என்றார். அங்கிருந்து நேரே எரிகம்பத்துக்கு இழுத்துப் போனார்கள். எந்தப் பெயர்ப்பலகையும் சொல்லாததை கல்லில் உள்ள அந்த வெட்டு சொல்கிறது. கை வைத்துப் பார்க்கும் தூரத்தில் இருக்கிறது.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1744இல் பல்கலைக்கழகத்தையே சாடி இங்கே பிரசங்கித்தார். பல்கலைக்கழகம் அவரை மறுபடி அழைக்கவே இல்லை. ஆங்கிலிக்கத் திருச்சபையில் பழைய கத்தோலிக்க மரபை மீட்க முயன்ற ஆக்ஸ்போர்டு இயக்கத்துக்குத் தொடக்கமாகக் கருதப்படும் குருவானவர் கீபிளின் பிரசங்கம் 1833 ஜூலை 14இல் இங்கேதான் நடந்தது. பின்னர் கத்தோலிக்கராகி, 2019இல் புனிதராக அறிவிக்கப்பட்ட நியூமன், அப்போது இங்கே குருவானவர்.

வடகிழக்கில் ஒட்டி நிற்கும் பழைய பேரவைக் கூடத்தையும் விட்டுவிடாதீர்கள். சுமார் 1320இல் பல்கலைக்கழகம் தனக்கென்று கட்டிக்கொண்ட முதல் கட்டடம் அது. கீழே கூட்டம், மேலே நூலகம். 1669இல் ஷெல்டோனியன் அரங்கு திறக்கும்வரை பட்டமளிப்பும் தேவாலயத்துக்குள்தான். கல்லூரிகளைப் பற்றி இவ்வளவு எழுதும்போது இதைச் சொல்லாமல் விட்டது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

இனி கோபுரம். 127 படிகள். கடைசிப் பகுதி குறுகலான கல் சுழற்படி. ஏறவும் இறங்கவும் அதே வழிதான் என்பதால் கூட்டம் சேர்ந்தால் நடுவில் சிக்கி நிற்க நேரிடும். திறந்ததும் போய்விடுவது நல்லது. சுழற்படி நடுத்தண்டை ஒட்டிக் கூர்ந்துவிடும், வெளிச்சுவர்ப் பக்கம்தான் முழுப் பாதமும் பதியும். எதிரே ஆள் வந்தால் அந்தப் பக்கத்தை இறங்குகிறவருக்கு விடுங்கள், தடுமாறினால் விழுவது அவர்தான். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். மேலே நடைவழி ஒருவர் நடக்கும் அகலமே. நடுவில் நின்று படம் எடுத்தால் பின்னால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான்.

வடக்கே பார்த்தால் ராட்கிளிஃப் கேமரா என்ற வட்ட நூலகக் கட்டடத்தின் குவிமாடம், இடப்புறம் பிரேஸ்னோஸ் கல்லூரி, வலப்புறம் ஆல் சோல்ஸ் கல்லூரியின் இரட்டைக் கோபுரங்கள். வெயில் முதுகுப் பக்கமிருந்து வருவதால் படம் தெளிவாக விழும். ஆனால் குளிர்காலத்தில் நண்பகல் வேண்டாம். தெற்கே தாழ்ந்து நிற்கும் சூரியனால் தேவாலயத்தின் நிழலே சதுக்கத்தில் விழுந்துவிடும்.

கட்டுரையில் ஒரு திருத்தமும் உண்டு. கிரான்மரை எரித்த இடமென்று செயின்ட் ஜைல்ஸ் தெருவின் தியாகிகள் நினைவுச்சின்னத்தைக் காட்டியிருந்தீர்கள். அது 19ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. எரித்த இடம் பிராட் ஸ்ட்ரீட்டில், பேலியல் கல்லூரிக்கு எதிரே. சாலையின் நடுவே கற்களால் பதித்த சிலுவை ஒன்று இருக்கும். தேவாலயத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கீழே பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும்.

அன்புடன்,
வாசகர்