செய்கூலியைப் போடு, கண்ணு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நலம். நலமறிய ஆவல். அம்மாவுக்கு முட்டி வலி முன்னைக்கு இப்போது தேவலை. போனில் பேசலாமென்றால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். ஒன்று குழந்தை அழுகிறான், இல்லையென்றால் கூரியர்காரர் வந்து நிற்கிறார். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். நிதானமாகப் படி. மாப்பிள்ளையும் படிக்கலாம். ஆனால் முதலில் நீ படி.

வளைகாப்பன்று உன்னோடு உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கவில்லை. நீ போட்டிருந்த ஜிமிக்கியைப் பார்த்துவிட்டுச் செல்வபுரம் அத்தை என்னிடம் வந்து, "எந்தக் கடையிலண்ணா எடுத்தீங்க?" என்று கேட்டாள். "என் மகள் கையால் செய்தது" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. நீ காதிலிருந்து கழற்றிக் கொடுத்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். செம்புக் கம்பியில் கூடு பின்னி, உள்ளே கெம்புக் கல்லை நிறுத்தியிருக்கிறாய். பொடி வைத்து ஊதவில்லை, பற்றவைப்பே இல்லை. முறுக்கு மட்டும்தான் கல்லைப் பிடித்திருக்கிறது. நகத்தால் நெம்பிப் பார்த்தேன், கல் அசையவில்லை. கம்பி முனையை உள்பக்கமாக மடக்கி அரம் போட்டிருக்கிறாய், சேலை நூலை இழுக்காது. இதையெல்லாம் நான் உனக்கு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. பட்டறையில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் வந்தது.

அந்த ஜிமிக்கியை 350 ரூபாய்க்கு விற்கிறாய் என்று அம்மா சொன்னபோதுதான் மனசு கேட்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். கம்பி, கல், முத்து, கொக்கி எல்லாம் சேர்ந்து 120. பெட்டியும் கவரும் 30. கூரியர் இலவசம் என்று வேறு போட்டிருக்கிறாயாம், அது ஒரு 60. மிச்சம் 140 ரூபாய். ஒரு ஜோடி பின்ன அரை நாள் ஆகிறது என்று நீயே சொன்னாய். போட்டோ எடுக்கிற நேரம், இரவு பதினோரு மணிக்கு "சிஸ், வேற கலர் இருக்கா" என்று கேட்பவர்களுக்குப் பதில் எழுதுகிற நேரம் எல்லாம் எந்தக் கணக்கில் வருகிறது? சித்தாள் வேலைக்குப் போகும் பெண்கூட இந்தக் கூலிக்கு வரமாட்டாள்.

செய்கூலியைப் போடு, கண்ணு. நம் தொழிலில் தங்கத்தின் விலை பேப்பரில் வந்துவிடும், அதில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பேரமெல்லாம் செய்கூலியிலும் சேதாரத்திலும்தான். அதாவது நம் கையில்தான். தாத்தா காலத்திலிருந்து பார்க்கிறேன், கையைக் குறைத்துக் கொடுத்தவனிடம் அடுத்த முறை இன்னும் குறைத்துத்தான் கேட்பார்கள். உன் பொருளில் செம்பு என்ன விலை, கல் என்ன விலை என்று எவருக்கும் தெரியாது. அவர்கள் காசு கொடுப்பதே உன் கைக்குத்தான். அதற்குப் போய் விலை போடக் கூச்சப்படுகிறாயே. ஒரு நோட்டு போடு. ஒவ்வொரு உருப்படிக்கும் சரக்கு, நேரம், பெட்டி, அனுப்பும் செலவு, திரும்பி வந்தால் ஆகும் நட்டம், எல்லாவற்றையும் எழுது. எழுதாத கணக்கு வீட்டுச் செலவோடு கலந்துவிடும். கலந்தால் எது வியாபாரக் காசு, எது பால்காரருக்குக் கொடுக்க வேண்டிய காசு என்றே தெரியாது. அப்புறம் ஒரு மாதம் இடித்தால் கை எங்கே போகும்?

எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். பட்டறை வேலை குறைந்த பிறகு பேங்கில் நகை மதிப்பீட்டாளராக உட்கார்ந்தவன் நான். வார்ப்பு மெஷின் வந்து, நாலு பேர் ஒரு வாரம் செய்கிற வேலையை, மெழுகு உருக்களை மரம் மாதிரி அடுக்கி ஒரே தடவையில் வார்த்து எடுக்க ஆரம்பித்ததும், கைவேலைக்காரர்கள் பாதிப்பேர் சிதறிவிட்டோம். எனக்கு உரைகல்லும் தராசும் சோறு போட்டன. கவுண்டருக்கு அந்தப்பக்கம் பெண்கள் கழுத்திலிருந்து கழற்றும்போது திரும்பி நின்றுதான் கழற்றுவார்கள். பள்ளி ஃபீஸுக்கு, ஆஸ்பத்திரிக்கு, கடைக்கு முதல் போட. கடைக்கு முதல் போட வைத்தவர்களில் இரண்டு வகை பார்த்தேன். தீபாவளிக்குச் சரக்கு எடுக்க வைத்து, தை மாதம் திருப்பிக்கொண்டு போனவர்கள் பிழைத்தார்கள். மாதாமாதம் விழுகிற துண்டை அடைக்க வைத்தவர்கள் வட்டி மட்டும் கட்டி மாற்றி மாற்றி வைத்தார்கள். அப்புறம் அதுவும் முடியாமல் நோட்டீஸ், ஏலம். தப்பு நகையை வைத்ததில் இல்லை. விலையிலேயே தங்கள் கூலியைப் போடாமல் விற்றுக்கொண்டிருந்தார்கள். விற்க விற்க துண்டு பெரிதாகிக்கொண்டே போகும், அதை எத்தனை பவுன் போட்டும் அடைக்க முடியாது.

இதைப் பொதுவாகத்தான் எழுதுகிறேன்.

முதல் வேண்டுமென்றால் வேறு வழி இருக்கிறது. சின்னத் தொழில் செய்பவர்களுக்கு என்று 2015-ல் வந்த அரசாங்கத் திட்டமான முத்ரா கடனில் 'சிஷு' என்று ஒரு பிரிவு, 50,000 ரூபாய் வரை. அதற்கு மேல் 5 லட்சம் வரை 'கிஷோர்'. அடமானம் கேட்கக்கூடாது. உத்யம் பதிவை, அதாவது சிறு தொழில் என்று அரசாங்கத்தில் பதிகிறதை, முதலில் செய்துவிடு, ஆதாரும் பான் கார்டும் போதும். அதற்கு அரசாங்கம் ஒரு பைசா வாங்குவதில்லை. பதிவு செய்து தருகிறோம் என்று காசு கேட்கும் வெப்சைட்டுகள் நிறைய இருக்கின்றன, ஏமாந்துவிடாதே. ஜிஎஸ்டி பற்றி நீ பயந்துகொண்டிருப்பதாக மாப்பிள்ளை சொன்னார். சரக்கு விற்பவருக்கு வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டாதவரை தமிழ்நாட்டுக்குள் பதிவு வேண்டாம். வெளி மாநிலத்துக்கு அனுப்பினால் பொதுவாகப் பதிவு கட்டாயம், ஆனால் கைவினைப் பொருளுக்கு 20 லட்சம் வரை விலக்கு உண்டு. கையால் செய்த இமிட்டேஷன் நகை அந்தப் பட்டியலில் இருக்கிறது. பெரிய ஆன்லைன் தளங்களில் விற்பதற்கு விதி தனி. 2023 அக்டோபர் முதல் மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சின்ன வியாபாரிகளுக்கு அங்கேயும் பதிவிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் அனுப்ப ஆரம்பிக்கும் முன் ஒரு ஆடிட்டரிடம் காட்டிவிடு. அதற்கான ஃபீஸை நான் தருகிறேன்.

கொக்கியில் மிச்சம் பிடிக்காதே. மலிவான கொக்கியில் நிக்கல் இருக்கும், சிலருக்குக் காது மடல் சிவந்து நீர் கோத்துவிடும். கொக்கிக்கு மட்டும் வெள்ளி போடு, இல்லையென்றால் சர்ஜிக்கல் ஸ்டீல் போடு. செம்பு என்றால் செம்பு என்றே எழுது, முலாம் என்றால் முலாம் என்றே எழுது. "கோல்டு லுக்" என்றெல்லாம் போடாதே. செம்பு வியர்வை பட்டால் கறுக்கும், பச்சை படியும். அதை ஒரு சின்ன அட்டையில் அச்சடித்துப் பெட்டிக்குள் வை. நம் ஊர்ப் பெண்கள் புளியைப் போட்டுத் தேய்த்துவிடுவார்கள், கெம்புக்கு அடியில் இருக்கும் தகடு நனைந்தால் ஒளி செத்துப்போகும். காசு அனுப்பிவிட்டேன் என்று ஸ்கிரீன்ஷாட் காட்டுபவர்களை நம்பி பார்சல் கட்டாதே, உன் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார். பொருள் கைக்கு வந்த பிறகு காசு தருகிறேன் என்பவர்களை இப்போதைக்கு ஒதுக்கிவிடு. வீடு பூட்டியிருந்தது என்று பார்சல் திரும்பி வந்தால் போகிற கூலியும் வருகிற கூலியும் உன் தலையில்தான். நோட்டில் அதையும் எழுது. எழுதுகிறாயா?

உன் பெரியப்பா இதையெல்லாம் "பாசிமணி வேலை" என்று சொன்னார், நீ கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். தாத்தா இருந்திருந்தால் அவரை அப்படிப் பேசவிட்டிருக்கமாட்டார். 1963-ல் தங்கக் கட்டுப்பாடு வந்து 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்றபோது, ஊருக்கு ஊர் ஆசாரிகள் பட்டறையை மூடினார்கள், உயிரை விட்டவர்களும் உண்டு. அன்றைக்கு நம் வீட்டில் அடுப்பு எரிந்தது வெள்ளிக் கொலுசிலும் பித்தளை வேலையிலும்தான். தாத்தா அந்தச் சமயத்தில் எதை விற்றார், எதை விற்கவே மாட்டேன் என்றார் என்று பாட்டி உனக்குச் சொல்லியிருக்கிறாள். உலோகம் எதுவாக இருந்தால் என்ன, கை நம் கைதான். கம்ப்யூட்டர் வேலையை விட்டாய் என்று எனக்கு வருத்தம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அந்த ஜிமிக்கியைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு அது பாதி போய்விட்டது. மீதிப் பாதி நீ விலை போடுகிற லட்சணத்தைப் பார்த்து இருக்கிறது. 600 ரூபாய்க்குக் குறைந்து அதை விற்காதே. பத்துப் பேர் கேட்டு எட்டுப் பேர் போகட்டும். அந்த இரண்டு பேர் போதும்.

சவுகார்பேட்டையில் கல் வாங்கப் போகும்போது குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போகாதே. அந்தக் கூட்டத்தில் பையையும் அவனையும் சேர்த்துப் பார்க்க முடியாது. மொத்தமாக வாங்கினால் மலிவு என்பார்கள். விற்காத நிறத்தில் ஐந்து கிலோ மணி வாங்கி வைத்தால் அது மலிவு இல்லை. போன முறை வந்தபோது கட்டிலுக்கு அடியில் பிரிக்காத பாக்கெட்டுகளைப் பார்த்தேன். அவ்வளவுக்கும் காசு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

வளைகாப்பில் பெண்ணுக்கு வளையல் அடுக்க உன்னைக் கூப்பிட்டபோது நீ முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு வந்தாய். கோவையில் அந்த மாதத்தில் குளிரா அடித்தது? உன் கல்யாணத்துக்கு நான் செய்த முறுக்கு வளையல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா, சாமி? கம்பி இழுத்து, காய்ச்சி, கையாலேயே முறுக்கினது. இணைப்புக்குப் பக்கத்தில் ஒரு சுற்று மட்டும் மற்றதைவிட நெருங்கியிருக்கும். அந்த இடத்தில் என் கை அப்படித்தான் திரும்பும், எத்தனை ஜோடி செய்தாலும் அப்படித்தான் வரும். அன்றைக்கு நீ போட்டிருந்ததில் எல்லாச் சுற்றும் ஒரே அளவு. கவரிங். நல்ல கவரிங்தான், அம்மாவுக்குத் தெரியவில்லை, வேறு யாருக்கும் தெரியவில்லை. நான் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.

மாப்பிள்ளைக்குத் தெரியுமா, தெரியாதா என்று நான் கேட்கவில்லை. எவ்வளவுக்கு வைத்தாய் என்றும் கேட்கவில்லை. நகை உன்னுடையது, கொடுத்த பிறகு அதில் எனக்குப் பேச்சில்லை. கோபம் இல்லை. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் ஏலத்துக்கு வந்த நகைகளை எடை போட்டவன் நான். நோட்டீஸ் கவரைப் பிரிக்காமலே அலமாரியில் போட்டு வைத்த பெண்கள் அப்புறம் கவுண்டரில் வந்து நின்றதைப் பார்த்தவன். நீ அப்படிப் போட்டு வைக்கிற பிள்ளை என்று எனக்குத் தெரியும். பத்தாவது மார்க் ஷீட்டையும் அப்படித்தான் ஒளித்து வைத்தாய்.

அடகு ரசீதில் கடைசித் தேதி போட்டிருக்கும். அதை மட்டும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. கடைப் பெயர் வேண்டாம், தொகை வேண்டாம், காரணமும் வேண்டாம். தேதி மட்டும். வட்டி கட்டுகிற அன்றைக்கு நான் ரயிலேறி வருகிறேன். அம்மாவிடம் பேரனைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

இந்த வாரம் வருகிற ஆர்டருக்கெல்லாம் புது விலையே போடு.

இப்படிக்கு,
அப்பா